வெட்டுமுன் ஓர் இலையைப் பாருங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊருக்குச் சென்றாலும் அங்கே ஒரு கண்மாயோ குளமோ இருக்கும். அதன் கரையில் முள் மரங்கள் நிற்கும். அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் செல்லும் வழியிலும், திருமயம் பக்கத்துப் பொட்டல்களிலும், வெள்ளாற்றின் கரையிலும் அவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "எல்லாம் கருவைதான்" என்று சொல்லிவிட்டு நடந்து போவது நம் வழக்கம்.

இப்போது ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். கண்மாயைத் தூர் வாருவதற்காக மண் அள்ளும் இயந்திரம் வந்து நிற்கிறது. சீமைக் கருவேல மரங்களை வேரோடு அகற்ற வேண்டும் என்பது உத்தரவு. இயந்திரத்தை ஓட்டுபவர் வெளியூர்க்காரர். அவர் கண்ணுக்கு முள் உள்ள மரமெல்லாம் ஒன்றே. மாலைக்குள் கரை வெறிச்சோடிப் போகிறது. போனவற்றுள் நாட்டுக் கருவேல் எத்தனை, வன்னி எத்தனை என்று யார் கணக்குப் பார்ப்பது? மெதுவாக வளரும் வன்னி மரம் ஒன்றை இழந்தால், அந்த இடத்தில் இன்னொரு வன்னி நிழல் தரப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைக் கவலை அன்று. 2017-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தன் எல்லைக்கு உட்பட்ட மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை அகற்றும்படி உத்தரவிட்டது. புதுக்கோட்டை மாவட்டமும் அந்த எல்லைக்குள் அடங்கும். 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு, பரவித் தொல்லை தரும் அயல்நாட்டுத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையையும் வெளியிட்டது. ஆகவே, "இது எந்த மரம்?" என்ற கேள்வி தாவரவியல் வகுப்போடு முடிந்துவிடும் கேள்வியன்று. ஒரு மரம் நிற்பதா, வீழ்வதா என்பதையே அது முடிவு செய்கிறது.

மூன்று மரங்கள், மூன்று வரலாறு

முதலில் நாட்டுக் கருவேல். இது நம் மண்ணின் மரம். பல் துலக்க ஆலும் வேலும் நல்லவை என்பார்களே, அந்த 'வேல்' இதுதான். ஏர், வண்டிச் சக்கரம் ஆகியவை செய்ய இதன் கட்டை பயன்பட்டது. இதன் காய்களை ஆடுகள் விரும்பித் தின்னும். 1980-களில் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்போது, தமிழ்நாட்டுக் கண்மாய்களின் உட்பகுதிகளில் வனத்துறையே இம்மரத்தை ஏராளமாக நட்டது.

இரண்டாவது வன்னி. விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக இருப்பது இதுவே. விஜயதசமியன்று பல கோயில்களில் அம்பு போடும் விழா வன்னி மரத்தடியில் நடைபெறும். ராஜஸ்தானில் இதன் பெயர் கேஜ்ரி. அம்மாநிலத்தின் மரம் இதுதான். உங்கள் உறவினர் யாரேனும் வளைகுடா நாடுகளில் வேலை செய்தால் அவரிடம் 'காஃப்' மரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஐக்கிய அரபு நாடுகளின் தேசிய மரமான அதுவும் நம் வன்னியேதான்.

மூன்றாவது சீமைக் கருவேல். சில ஊர்களில் வேலிக்காத்தான் என்பார்கள். 'சீமை' என்ற அடைமொழியே இது வெளியிலிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவையே இதன் தாயகம். சென்னை மாகாணத்தின் வன அதிகாரியாக இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேயர் விதை கேட்டு எழுதியதன் பேரில், ஜமைக்கா தீவிலிருந்து வந்த விதைகள் 1877-இல் கடப்பை மாவட்டத்தில் விதைக்கப்பட்டன. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் மரம் என்று வரவேற்கப்பட்ட இது, ஆடு மாடுகளின் சாணத்தின் வழியாக விதை பரப்பி, வெட்ட வெட்டத் தழைத்து, கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதுவே வாழ்வு என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இலையை எப்படிப் படிப்பது?

மூன்று மரங்களுக்கும் இலை இரு முறை பிரிந்த கூட்டிலை ஆகும். இதன் பொருள் என்ன? ஒரு நடுக்காம்பு, அதன் இருபுறமும் பறவையின் இறகு போன்ற கிளைக்காம்புகள், ஒவ்வோர் இறகிலும் இரு வரிசையாகச் சிற்றிலைகள். நாம் 'இலை' என்று கிள்ளி எடுக்கும் சிறு பச்சைத் துணுக்கு உண்மையில் ஒரு சிற்றிலைதான். முழு இலை எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். அது கிளையின் கணுவிலிருந்து புறப்படும்.

இனி எண்ணத் தொடங்கலாம். நாட்டுக் கருவேலில் பெரும்பாலும் 3 முதல் 6 இணை இறகுகள் இருக்கும். சிற்றிலைகள் மிகச் சிறியவை. 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். ஒன்றையொன்று நெருக்கியடித்து நிற்கும். வன்னியில் இறகுகள் குறைவு; 1 முதல் 3 இணை. ஓர் இறகில் ஏறக்குறைய 7 முதல் 14 இணைச் சிற்றிலைகள் இருக்கும். அவற்றின் நுனியில் ஊசிமுனை போன்ற ஒரு சிறு கூர் தென்படும். சீமைக் கருவேலிலும் இறகுகள் பெரும்பாலும் 1 முதல் 3 இணைதான். ஆனால் சிற்றிலைகள் நீண்டு குறுகியவை. 2 சென்டிமீட்டர் வரைகூட வளரும். ஒன்றுக்கொன்று சிறிது இடைவெளி விட்டு அமைந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை: இலை சில வேளைகளில் நம்மை ஏமாற்றும். வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் புதுக்கிளையில் இலைகள் வழக்கத்தைவிடப் பெரியவையாக இருக்கும். வறட்சிக் காலத்தில் சிறுத்துப் போகும். கன்றின் இலை வேறு, முதிர்ந்த மரத்தின் இலை வேறு. ஆகையால் ஒரே ஓர் இலையைப் பார்த்துத் தீர்ப்புக் கூறிவிடக் கூடாது. முதிர்ந்த கிளைகள் பலவற்றிலிருந்து இலைகளை எடுத்து, அளந்து, சராசரி காண வேண்டும்.

முள்ளும் ஒரு சாட்சி

இலை ஐயத்தைத் தீர்க்காவிட்டால் முள்ளைக் கேளுங்கள். மூன்று மரங்களிலும் முள் உண்டு. ஆனால் மூன்று முள்ளும் ஒன்றல்ல!

நாட்டுக் கருவேலின் முள் வெண்மையாக, நேராக, ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாக நிற்கும். இலைக்காம்பின் அடியில் இருக்க வேண்டிய இரு இலையடிச் செதில்களே அங்கு முள்ளாக மாறியுள்ளன. சீமைக் கருவேலின் முள்ளும் கணுவில்தான் தோன்றுகிறது. தனித்தோ இரண்டாகவோ இருக்கும். ஆனால் அது செதிலின் மாற்றம் அன்று. இலைக் கோணத்தில் தண்டிலிருந்து கிளைபோல எழுவது. வன்னியோ முற்றிலும் வேறு. அதன் முட்கள் குட்டையாக, அடி பருத்து, கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் அங்குமிங்குமாகச் சிதறியிருக்கும். ரோஜாச் செடியின் முள்ளைப் போல அவை தண்டின் மேற்பரப்பிலிருந்து தோன்றியவை.

பூவும் காயும் கிடைத்தால் இன்னும் எளிது. நாட்டுக் கருவேலின் பூக்கள் மஞ்சள் நிறப் பந்துகளாக இருக்கும். காய் மணிமாலை போலக் கணுக்கணுவாகச் சுருங்கியிருக்கும். வன்னிக்கும் சீமைக் கருவேலுக்கும் பூக்கள் நீண்ட கதிர்களாக அமையும். வன்னியின் காய் மெலிந்து உருண்டு தொங்கும். சீமைக் கருவேலின் காய் தட்டையாகத் தடித்து, பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும்.

இங்கே ஒரு வியப்பைக் கவனித்தீர்களா? பெயரைக் கேட்டால் கருவேலும் சீமைக் கருவேலும் உறவினர் போலத் தோன்றுகின்றன. பூவையும் காயையும் பார்த்தால் வன்னிதான் சீமைக் கருவேலுக்கு உறவு போலத் தெரிகிறது. தாவரவியலாரும் அப்படியே கருதினர். வன்னியையும் சீமைக் கருவேலையும் 'புரோசோபிஸ்' என்ற ஒரே பேரினத்தில் வைத்தனர். 1976-இல் அர்ஜென்டினா நாட்டுத் தாவரவியலார் புர்கார்ட் இப்பேரினம் முழுவதையும் ஆராய்ந்து அதில் 44 சிற்றினங்களைப் பட்டியலிட்டார். ஆனால் முட்கள் வேறுபடுகின்றனவே என்ற உறுத்தல் மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

ஏட்டுச்சுவடியும் டி.என்.ஏ.வும்

இந்த உறுத்தலைத் தீர்த்து வைத்தது டி.என்.ஏ. ஆய்வு. அதைப் புரிந்துகொள்ள நமக்குப் பழக்கமான ஏட்டுச்சுவடியை நினைத்துக்கொள்வோம்.

அச்சு இல்லாத காலத்தில் நூல்களை ஓலையில் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். எழுதும்போது பிழை நேரும். ஒருவர் 'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதிவிட்டால், அவர் ஏட்டைப் பார்த்து எழுதியவர்களும் 'மறம்' என்றே எழுதுவார்கள். பத்துச் சுவடிகள் நம்மிடம் இருந்து, அவற்றுள் நான்கில் மட்டும் ஒரே பிழைகள் பல காணப்பட்டால், அந்த நான்கும் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம் அல்லவா? இவ்வாறு ஒப்பிடுவதன் மூலம் சுவடிகளின் வமிசத்தையே வரைந்துவிடலாம்.

உயிரணுவினுள் இருக்கும் டி.என்.ஏ.வும் நான்கே எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட சுவடிதான். அந்த நான்கு எழுத்துகள் அடினின், தையமின், குவானின், சைட்டோசின் என்னும் வேதிப்பொருள்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் படியெடுக்கப்படும்போது அரிதாக ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் சந்ததிகள் தோறும் தொடரும். இரு மரங்கள் பொதுவாகக் கொண்டுள்ள மாற்றங்கள் மிகுதியானால், அவை பிரிந்த காலம் அண்மையானது என்று பொருள்.

ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிப் படிக்கிறார்கள்? இளம் இலையைப் பறித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் இட்டு உலர்த்துவார்கள். பிறகு பொடியாக அரைத்து, வேதிக் கரைசல்களால் புரதத்தையும் பிசினையும் நீக்கி டி.என்.ஏ.வைப் பிரிப்பார்கள். அதில் வேண்டிய பகுதியை மட்டும் பி.சி.ஆர். என்னும் முறையால் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கி, எழுத்து வரிசையைக் கருவியால் படித்துவிடுவார்கள். நிலத்தாவரங்களை அடையாளம் காண, பசுங்கணிகத்தில் உள்ள ஆர்.பி.சி.எல்., மாட்-கே என்ற இரு ஜீன்களின் பகுதிகளை எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்று 2009-இல் பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு ஒன்று பரிந்துரை செய்தது. கடைப் பொருள்களின் மீது அச்சிடப்பட்ட கோட்டுக் குறியீட்டைப் போல இது பயன்படும் என்பதால் 'டி.என்.ஏ. பார்கோடு' என்று பெயரிட்டனர்.

வீட்டை விட்டு வெளியேறியவர் யார்?

புரோசோபிஸ் பேரினத்தின் மரங்களை இவ்வாறு ஒப்பிட்டபோது, வன்னியும் அமெரிக்க மரங்களும் ஒரே கிளையில் வந்து சேரவில்லை. ஆசிய வன்னிக்கும் அமெரிக்கச் சீமைக் கருவேலுக்கும் இடையே, நாம் நினைத்ததைவிட நீண்ட தூரம் இருந்தது. எனவே 2022-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அந்தப் பழைய பேரினத்தை நான்காகப் பிரித்தனர்.

பிரிந்தபின் 'புரோசோபிஸ்' என்ற பெயர் யாருக்கு? 1767-இல் லின்னேயஸ் அப்பெயரைச் சூட்டியது வன்னிக்குத்தான். ஆகவே தாவரவியல் விதிப்படி பெயர் வன்னியிடமே நின்றது. இன்றும் அது புரோசோபிஸ் சினரேரியா. வெளியேறியது சீமைக் கருவேல். அதன் புதிய பெயர் நெல்டுமா ஜூலிஃபுளோரா. புத்தகங்களில் இன்னும் புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா என்று இருந்தால் திகைக்க வேண்டாம். இரண்டும் ஒரே மரமே. நாட்டுக் கருவேலும் அகேசியா என்ற பழைய பெயரை விட்டு வாச்செல்லியா நிலோட்டிகா ஆகிவிட்டது.

அப்படியானால் இம்மூன்றும் ஏன் ஒன்று போலத் தோன்றுகின்றன? எல்லாம் அவரைக் குடும்பத்தின் மரங்கள் என்பது ஒரு காரணம். வறண்ட நிலத்தில் வாழ நேர்ந்தது மற்றொரு காரணம். அகன்ற இலை வெயிலில் விரைவில் சூடேறும். சிறு சிற்றிலைகளோ சூட்டை எளிதில் காற்றுக்கு விட்டுவிடும். மேய வரும் விலங்குகளைத் தடுக்க முள் வேண்டும். ஒரே தேவை, வெவ்வேறு குடும்பக் கிளைகளில் ஒரே மாதிரித் தீர்வைத் தோற்றுவிக்கிறது. முட்கள் மூன்று வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிறிய சாட்சி சொன்னது சரிதான்!

இரட்டையரைப் பிரிப்பது எப்படி?

டி.என்.ஏ. படித்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். சீமைக் கருவேலுக்கு உண்மையாகவே மிக நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பெரு, ஈக்வடார் நாடுகளின் வறண்ட கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த அதன் பெயர் பல்லிடா. பெரு நாட்டில் அதன் காயிலிருந்து பாகு காய்ச்சி உணவில் சேர்க்கிறார்கள். இந்த இரண்டும் பல நாடுகளில் ஒன்றின் பெயரால் மற்றொன்று அழைக்கப்பட்டு வந்தன.

இலை என்ன சொல்கிறது? ஜூலிஃபுளோராவின் சிற்றிலை ஏறத்தாழ 6 முதல் 23 மில்லிமீட்டர் நீளம். பல்லிடாவின் சிற்றிலை 2.5 முதல் 8 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் இருந்தால் ஐயமில்லை. 4 மில்லிமீட்டர் இருந்தாலும் ஐயமில்லை. 7 மில்லிமீட்டர் இருந்தால்? இங்கே அளவுகோல் கைவிட்டுவிடுகிறது.

பார்கோடும் இங்கே தடுமாறலாம். அண்மையில் பிரிந்த சிற்றினங்களில் அந்தச் சில ஜீன்களில் எழுத்துகள் மாறுவதற்குள் போதிய காலம் கழிந்திருக்காது. மேலும், பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் பெரும்பாலும் தாய் மரத்திலிருந்தே வருகிறது. ஒரு மரம் கலப்பினமானால், அது தாயின் பெயரை மட்டும் சொல்லித் தந்தையை மறைத்துவிடும்.

வழி எங்கே கிடைத்தது தெரியுமா? குரோமோசோம்களின் எண்ணிக்கையில். பல்லிடாவின் உயிரணுவில் 28 குரோமோசோம்கள். ஜூலிஃபுளோராவில் அதைப்போல் இருமடங்கு, அதாவது 56. இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இலை அளவுகளையும் குரோமோசோம் மடங்கையும் சேர்த்துப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினர். உட்கருவுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, அதன் மொத்த டி.என்.ஏ. அளவைக் கருவியால் அளந்தால், 28-ஆ 56-ஆ என்பது ஓர் இலைத் துண்டிலிருந்தே தெரிந்துவிடும். இரண்டும் கலந்து பிறக்கும் கன்றுக்கு 14-உம் 28-உம் சேர்ந்து 42 இருக்க வேண்டும். அத்தகைய மும்மடங்கு மரங்களில் குரோமோசோம்கள் சரியாக இணை சேர முடியாததால் அவை பொதுவாக மலடாகவே இருக்கும்.

இலை முதற்கேள்வியைக் கேட்கிறது. டி.என்.ஏ. வமிசத்தைக் காட்டுகிறது. குரோமோசோம் மிச்சமுள்ள ஐயத்தைத் தீர்க்கிறது. ஒன்று தடுமாறும் இடத்தில் மற்றொன்று கை கொடுக்கிறது.

இதனால் நமக்கு என்ன?

சீமைக் கருவேலைக் கட்டுப்படுத்த ஆள் பலமும் இயந்திரமும் மட்டுமே வழியல்ல. தென் ஆப்பிரிக்காவில் 1987-இலிருந்து, இவ்வகை மரங்களின் விதையைத் துளைக்கும் ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு பூச்சியை எங்கேனும் விட எண்ணினால், முதலில் எழ வேண்டிய கேள்வி, "இது உறவு மரங்களையும் தின்னுமா?" என்பதே. நெருங்கிய உறவு எது, தூரத்து உறவு எது என்று தெரிந்தால்தான் எந்தெந்த மரங்களில் சோதிக்க வேண்டும் என்று திட்டமிடலாம். வன்னியின் பாதுகாப்பு அந்த வமிசப் படத்தைப் பொறுத்தது.

ஆனால் கண்மாய்க் கரையில் நிற்கும்போது நமக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. நம் ஊரின் மூன்று மரங்களையும் பிரித்தறிய இரு கண்களும் ஓர் அளவுகோலும் போதும். எந்த மரத்தை விடுவது என்று இயந்திரம் ஓட்டுபவருக்குச் சொல்ல ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

செய்து பாருங்கள்

நான்கைந்து நண்பர்களும் ஓர் ஆசிரியரும் சேர்ந்து உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குச் செல்லுங்கள். முள் குத்தினால் புண்ணாகும். காலணி இல்லாமல் போக வேண்டாம். பத்து முள் மரங்களைத் தேர்ந்தெடுத்து எண் இடுங்கள். ஒவ்வொரு மரத்திலும் முதிர்ந்த கிளைகளிலிருந்து ஐந்து முழு இலைகளை எடுங்கள். இறகு எத்தனை இணை, ஓர் இறகில் சிற்றிலை எத்தனை இணை, நடுவிலுள்ள சிற்றிலையின் நீளம் எத்தனை மில்லிமீட்டர், முள் கணுவிலா கணுவிடையிலா என்று குறிப்பேட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். இலைகளைச் செய்தித்தாளின் மடிப்பில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி உலர்த்துங்கள். தாளின் ஓரத்தில் ஊர், நாள், மர எண் ஆகியவற்றைக் குறிக்க மறக்காதீர்கள்.

முடிவில் வன்னியோ நாட்டுக் கருவேலோ எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு வரைபடம் தீட்டி, அதன் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த முறை தூர் வார இயந்திரம் வரும்போது, அந்த ஒரு தாள் ஒரு வன்னியின் உயிரைக் காக்கக்கூடும்.